வீட்டுக்குள் வராத அலை

புலம்பெயர்ந்த எமது மக்களின் வீடுகளிலே இன்று ஓர் இடத்துக்குத் தனி மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. சில வீடுகளில் அது குளியலறை யன்னலோரம். சில வீடுகளில் மாடிப்படியின் திருப்பம். இன்னும் சில வீடுகளில் பனி கொட்டும் பல்கனி. "அதிலை நிண்டு கதையுங்கோ, அங்கைதான் சிக்னல் வரும்" என்று விருந்தினருக்கும் அந்த இடம் காட்டப்படுகிறது. நகரத்தின் நடுவே, கண்ணுக்கெட்டிய தூரத்தில் கோபுரம் தெரியும் தொடர்மாடிகளிலும் இதே நிலைதான். இதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொள்வது எம்மவர் வழக்கம். இது வேடிக்கையன்று. இதற்குப் பரிகாரம் உண்டு. அந்தப் பரிகாரத்தைத் தேடுவது ஒவ்வொரு குடும்பத்தினதும் தனித்த தொல்லையாக விடப்படலாகாது என்பதே இங்கு நாம் சொல்ல விரும்புவது.

இந்நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கைத்தொலைபேசியின் இணையத் தொடர்பு பல வழிகளில் ஒன்று. வீட்டிலே கம்பிவழி இணைப்பு இருக்கும். வேலைத்தலத்தில் இன்னொன்று இருக்கும். தஞ்சம் கோரி வந்தவரின் நிலை அதுவன்று. கம்பிவழி இணைப்புக்கான ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ செய்யப்படுவது. அதற்கு நிலையான முகவரியும் வங்கிக் கணக்கும் வேண்டும். அடுத்த மாதம் எந்த ஊருக்கு மாற்றப்படுவோம் என்று அறியாதவர் அத்தகைய ஒப்பந்தத்தில் எவ்வாறு கையொப்பமிடுவார்? ஆகவே முற்பணம் செலுத்திப் பெறும் ஒரு சிம் அட்டையே அவருக்குத் தொலைபேசியும் தபாற்கந்தோரும் வாசிகசாலையும் மொழிபெயர்ப்பாளரும் ஆகிவிடுகிறது.

பல ஐரோப்பிய நாடுகளில் சிலவகை நிராகரிப்புகளுக்கு எதிராக நீதிமன்றத்தை நாடக் கிடைக்கும் அவகாசம் ஒரு வாரம், இரண்டு வாரம் என்ற அளவிலேயே உள்ளது. யேர்மனியில் மஞ்சள் உறையில் வரும் கடிதத்தைக் கையில் வாங்கியவர், அதனைப் படம் பிடித்துச் சட்டத்தரணிக்கு அனுப்ப வேண்டும். மொழி தெரிந்த ஒருவருக்குக் காட்ட வேண்டும். பதிலைப் பெற வேண்டும். பிரித்தானியாவில் 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் தஞ்சக் கோரிக்கை நேர்காணல்கள் காணொளி வழியாகவும் நடத்தப்பட்டுள்ளன. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய துன்பத்தை ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கையில், அவருடைய முகம் திரையில் உறைந்துபோய்க் குரல் அறுந்து அறுந்து கேட்குமாயின், அவர் சொன்னதிலே முரண்பாடு இருப்பதாக எவரேனும் குறித்துக்கொள்வதற்கு அதுவே போதும். ஊரிலே படுக்கையில் கிடக்கும் தாயின் முகத்தைப் பார்க்க எடுக்கும் அழைப்பைப் பற்றி எமது வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய நிலையில் எமது மக்கள் செய்வது என்ன? பெரும்பாலானோர் இன்னும் பெரிய தரவுப் பொதியை வாங்குகிறார்கள். வேறு சிலர் கடன்பட்டுப் புதிய தொலைபேசி வாங்குகிறார்கள். பலர் வீட்டுக்குள் வராத ஒன்றுக்கே மாதந்தோறும் கூடுதலாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே உண்மை. பத்து ஜிகாபைட் இருந்த இடத்தில் ஐம்பது ஜிகாபைட் வாங்கினாலும் அலை சுவரைத் தாண்டி உள்ளே வரப்போவதில்லை.

குறை பெரும்பாலும் சுவரிலும் கண்ணாடியிலும் இருக்கிறது. அலையின் வலிமையை டெசிபெல் என்ற அளவால் கணிக்கிறார்கள். பத்து டெசிபெல் குறைந்தால் வலிமை பத்திலொன்றாகிறது. இருபது குறைந்தால் நூறிலொன்று. முப்பது குறைந்தால் ஆயிரத்திலொன்று. இரும்புக் கம்பி இட்ட கொங்கிறீற் சுவர் ஒன்றே பத்து, இருபது டெசிபெல்லை விழுங்கிவிடக் கூடியது. பழைய இராணுவ முகாம்களை அகதி விடுதிகளாக மாற்றியிருக்கும் இடங்களில் இத்தகைய தடித்த சுவர்கள்தான் எங்கும். புதிய கட்டடங்களாவது நல்லவையா என்றால், அவற்றிலே வேறொரு பகை இருக்கிறது. குளிர்காலத்தில் வெப்பம் வெளியேறாதிருக்கும் பொருட்டு யன்னற் கண்ணாடிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் படலம் பூசப்படுகிறது. வெளிச்சத்தை உள்ளே விடும் அந்தப் படலம் வானொலி அலையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இருபது முதல் முப்பது டெசிபெல் வரையான இழப்பு இத்தகைய கண்ணாடிகளில் சாதாரணம். வீடு புதுப்பிக்கப்பட்டு யன்னல்கள் மாற்றப்பட்ட பின் தொலைபேசி இழுக்கவில்லை என்று முறையிடுவோர் கற்பனை செய்து முறையிடவில்லை.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். சுவிற்சர்லாந்திலும் யேர்மனியிலும் புகையிரதப் பெட்டிகளின் யன்னல்களில் இருக்கும் இதே உலோகப் படலத்தில், லேசர் கதிரால் நுண்ணிய கோடுகளைக் கீறி, கைத்தொலைபேசி அலை உள்ளே வர வழி செய்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் பயணம் செய்பவரின் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பதில் அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் இவ்வளவு கரிசனை இருக்குமாயின், அதே வகைச் சுவருக்குள் ஆண்டுக்கணக்கில் தங்க வைக்கப்பட்டிருப்பவரின் தொடர்பைப் பற்றி அவர்களிடம் கேட்பதில் தவறில்லை.

அலைகள் எல்லாம் ஒரே இயல்புடையனவும் அல்ல. ஐரோப்பாவில் 700, 800, 900 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்லக் கூடியவை. சுவரையும் ஓரளவு ஊடுருவக் கூடியவை. 1800, 2100, 2600 மெகாஹேர்ட்ஸ் அலைகள் கூடுதலான தரவைச் சுமக்கும். ஆனால் சுவரிலே சோர்ந்துவிடும். 5ஜி என்று பெருமையாக விளம்பரப்படுத்தப்படும் சேவையின் வேகமான பகுதி 3400 முதல் 3800 மெகாஹேர்ட்ஸ் வரையான வரிசையில் இயங்குவது. வீட்டுச் சுவர் அதற்குப் பெருந்தடை. தெருவிலே பறக்கும் தொலைபேசி வீட்டுக்குள் நுழைந்ததும் தவழ்வதற்குக் காரணம் இதுதான்.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரிந்துவிடும். அலை சுவருக்கு உள்ளே வராதென்றால், சுவருக்கு வெளியே ஒரு காதை வைக்க வேண்டும். அதன் பெயர்தான் அன்ரனா. கைத்தொலைபேசியில் வெளி அன்ரனாவைப் பொருத்துவதற்கான துளை கிடையாது. ஆகவே சிம் அட்டை போடக்கூடிய ஒரு ரவுட்டர் வேண்டும். ரவுட்டரை யன்னலோரத்தில் வைத்து, அதிலிருந்து ஒரு கேபிள் மூலம் வெளியே பல்கனியிலோ யன்னல் நிலையிலோ அன்ரனாவைப் பொருத்தினால், அது வாங்கும் தொடர்பை ரவுட்டர் வைபையாக வீடு முழுவதும் பரப்பும். குடும்பத்திலுள்ள நான்கு தொலைபேசிகளும் ஒரே சிம்மில் இயங்கலாம். வெளியே −95 டிபிஎம் ஆகவும் உள்ளே −115 டிபிஎம் ஆகவும் இருக்கும் ஒரு வீட்டில் (இந்த எண் பூச்சியத்துக்குக் கிட்ட வரவர அலை வலிது), வெளியே வைக்கப்பட்ட அன்ரனாவுக்குக் கிடைப்பது நூறு மடங்கு வலிய அலை.

இது எமக்குப் புதிய வித்தையும் அன்று. 1982இல் ரூபவாகினி தொடங்கிய காலத்திலும், அதன் பின்னர் கடலைக் கடந்துவரும் தமிழகத்துத் தூரதர்சன் நிகழ்ச்சிகளைப் பிடிப்பதற்காகவும், யாழ்ப்பாணத்துக் கூரைகளின் மேல் நெடிய குழாய்க் கம்பங்களை நட்டவர்கள் நாம். ஒருவர் கூரையில் நின்று கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் யன்னலால் எட்டிப் பார்த்து "வருது, வருது, இன்னும் கொஞ்சம் மேற்கை திருப்பு" என்று கத்த, பொறியியல் படியாத எங்கள் அயலவர்கள் திசையும் உயரமும் படத்தை எவ்வாறு மாற்றும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். மீன்முள் போன்ற அந்த அன்ரனாவை 1920களில் உருவாக்கியவர்கள் யப்பானின் தோகோகு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான சின்தாரோ ஊடாவும் ஹிதெட்சுகு யாகியும். அவர்களுடைய பெயரால் யாகி-ஊடா என வழங்கும் அதே வடிவம் இன்று சிறியதாகி, கைத்தொலைபேசி அலைக்கும் பயன்படுகிறது. அன்றைய அறிவை நாம் ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

ஆயினும் சில நுட்பங்களைக் கவனிக்காவிட்டால் செலவிட்ட பணம் வீணாகும். முதலாவது, பணம் செலவிடுமுன் அளந்து பார்க்க வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலும், அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் செயலிகளிலும் மேற்சொன்ன எண் காட்டப்படும். ஒவ்வோர் யன்னலாக நின்று, யன்னலைத் திறந்தும் மூடியும் பார்த்து எழுதிக்கொள்ளல் வேண்டும். திறந்ததும் எண் பெரிதும் மாறுமாயின் குற்றவாளி கண்ணாடிதான். பழைய தொலைபேசி ஒன்றை அந்த யன்னலுக்கு வெளியே மழைபடாத இடத்தில் வைத்து, அதையே இணைப்பு மையமாகப் பயன்படுத்திப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. சில வீடுகளுக்கு அதுவே போதுமானது.

இரண்டாவது, கேபிள். மெல்லிய கேபிளில் மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் இழக்கப்படும். பத்து மீற்றர் மெல்லிய கேபிளை இழுத்தால், அன்ரனா சேர்த்துக் கொடுத்ததைக் கேபிள் வழியிலேயே தின்றுவிடும். கேபிள் குட்டையாகவும் தடிப்பாகவும் இருத்தல் நன்று. ரவுட்டர் அன்ரனாவுக்குக் கிட்ட இருத்தல் அதைவிட நன்று. சுவரில் துளையிட முடியாதவர்களுக்கு யன்னல் இடுக்கில் நுழைக்கக்கூடிய தட்டையான கேபிள்கள் கிடைக்கின்றன.

மூன்றாவது, இன்றைய 4ஜி ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் இரண்டு அன்ரனாக்களால் தரவை வாங்குகின்றன. ஒன்றை மட்டும் பொருத்திவிட்டு வேகம் கூடவில்லையே என்று குறைப்படலாகாது. இரண்டு உள்ளடங்கிய தகட்டு அன்ரனாவை வாங்குவதே உசிதம்.

நான்காவது, திசை. யேர்மனியின் கூட்டாட்சி வலையமைப்பு முகாமையும் பிரான்சின் தேசிய அலைவரிசை முகாமையும் கோபுரங்கள் இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கின்றன. சுவிற்சர்லாந்திலும் அத்தகைய வரைபடம் உண்டு. அவற்றைப் பார்த்து அன்ரனாவைத் திருப்பலாம்.

அன்ரனா எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நாம் கூறவில்லை. அலை வலிதாகவே இருந்தும், காலையில் விரையும் தொடர்பு மாலை ஏழு மணிக்குத் தவழுமாயின், அது கோபுரத்தில் ஏற்பட்ட நெரிசல். அதற்கு மருந்து வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையே, கூரைக் கம்பமன்று. வீட்டிலே கம்பிவழி இணைப்பு ஏற்கனவே உள்ளவர்களுக்கு, வைபை வழியாகச் சாதாரண அழைப்பு எடுக்கும் வசதியைத் தொலைபேசியில் திறந்துவிட்டாலே போதும். எதையும் வாங்கத் தேவையில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 'பூஸ்டர்' என்றும் 'ரிப்பீட்டர்' என்றும் கூறி விற்கப்படும் பெருக்கிக் கருவிகள் வேறு. நாம் சொல்லும் அன்ரனா வேறு. ரவுட்டருடன் இணைக்கப்படும் அன்ரனா, அனுமதி பெற்ற கருவி ஒன்றுக்குக் காதாகவும் வாயாகவும் இருக்கிறது. பெருக்கியோ தானாகவே நிறுவனத்தின் அலைவரிசையில் ஒலிபரப்புகிறது. மலிவான பெருக்கி ஒன்று பிழையாக இயங்கினால் சுற்றுவட்டாரத்திலுள்ள எல்லோருடைய தொடர்பும் குழம்பும். அவசர அழைப்புகளும் அதில் அடங்கும். அதனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அலைவரிசைக்கு உரிமையுள்ள நிறுவனத்தின் சம்மதமின்றி அதனை இயக்குவது சட்டவிரோதம். யேர்மனியில் அதற்குத் தண்டப்பணம் உண்டு. இடையூறு எங்கிருந்து வருகிறது என்று தேடிவரும் அளவீட்டு வாகனங்களும் உண்டு. பிரித்தானியாவில் 2018 முதல், குறித்த தொழில்நுட்ப விதிகளுக்கு அமைந்த சில கருவிகள் மட்டும் வீட்டுக்குள் அனுமதிக்கப்படுகின்றன. வதிவிட அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒருவர் தண்டச் சீட்டு ஒன்றை வாங்கிக் கட்டிக்கொள்வது எத்தகைய விவேகம்? கடைக்காரர் "பிரச்சினை இல்லை அண்ணை" என்று சொல்வது சட்ட ஆலோசனை ஆகாது.

அன்ரனாவிலிருந்து கதிர் வீசும், பிள்ளைகளுக்குக் கூடாது என்று அஞ்சுவோரும் எம்மிடையே உள்ளனர். கைத்தொலைபேசியானது அலை வலிதாக உள்ள இடத்தில் மெதுவாகப் பேசும். மெலிந்த இடத்தில், தூரத்துக் கோபுரத்துக்குக் கேட்க வேண்டுமென்று உரத்துக் கத்தும். அவ்வாறு கத்துகையில் அது காதோடு ஒட்டியிருக்கிறது; மின்கலமும் விரைவில் இறங்குகிறது. அன்ரனாவை வெளியே வைத்தால் அந்தப் பேச்சு சுவருக்கு வெளியே நிகழ்கிறது. தொலைபேசி அறைக்குள்ளே குறைந்த வலுவில் இயங்குகிறது. அஞ்சுபவர்கள் அஞ்ச வேண்டியது அன்ரனா இல்லாத வீட்டுக்கே.

இனி, பெருந்தடை வீட்டு உரிமையாளர். "முகப்பின் அழகு கெடும்" என்ற ஒரே வாக்கியத்தால் எத்தனையோ கோரிக்கைகள் மறுக்கப்படுகின்றன. எம்மவரும் அயலவர் என்ன நினைப்பாரோ என்று அஞ்சி மறுபேச்சின்றி ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்த வழியில் எமக்கு முன் நடந்தவர்கள் இருக்கிறார்கள். யேர்மனியில் துருக்கியர் ஒருவர் தம் தாய்நாட்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்பதற்காகச் செய்மதித் தட்டுப் பொருத்துவது பற்றிய வழக்கில், 1994 பெப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டவரான குடியிருப்பாளர் தம் தாயகத்துச் செய்திகளைப் பெறுவதில் கொண்டுள்ள அக்கறையை, உரிமையாளரின் சொத்துரிமையோடு ஒரே தராசில் வைத்து நிறுத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். சுவீடனில் ஸ்ரொக்ஹோமின் புறநகரான ரிங்கபியில் வாழ்ந்த ஈராக்கியக் குடும்பம் ஒன்று, அரபு, பாரசீக நிகழ்ச்சிகளுக்காக வைத்திருந்த தட்டை அகற்ற மறுத்ததால் வீட்டையே இழந்தது. அவர்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றார்கள். 2008 டிசம்பரில் அந்நீதிமன்றம், தகவலைப் பெறும் அவர்களுடைய சுதந்திரம் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புகள் செய்மதித் தட்டுப் பற்றியவை. கைத்தொலைபேசி அன்ரனாவுக்கு அவை அப்படியே பொருந்திவிடும் என நாம் வாதிடவில்லை. ஆனால் அவற்றின் அடியிலுள்ள நியாயம் மாறவில்லை. அன்று செய்தி செய்மதியால் வந்தது. இன்று அது இணையத்தால் வருகிறது. தட்டு பெரியது. நாம் கேட்பதோ ஒரு கொப்பியளவு தகடு. ஆகவே எழுத்தில் கேளுங்கள். எந்த இடம், என்ன அளவு, சுவரில் துளையில்லை, வீடு மாறும்போது அகற்றப்படும் என்பவற்றையும், உள்ளும் வெளியும் அளந்த எண்களையும் அக்கடிதத்தில் குறிப்பிடுங்கள். வாயால் கேட்பது வாயாலேயே மறுக்கப்படும். எழுத்தில் மறுப்பதற்குக் காரணம் தேவைப்படும். இடத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். கூரையின் மேல் நிற்கும் அன்ரனாவுக்கு இடிமின்னற் பாதுகாப்பு வேண்டும். அது தேர்ந்த மின்வினைஞரின் வேலை. கூரை விளிம்பிலிருந்து இரண்டு மீற்றருக்குக் கீழே, சுவரிலிருந்து ஒன்றரை மீற்றருக்கு மேல் நீளாது பல்கனிக்குள் அடங்கும் அன்ரனாவுக்கு ஐரோப்பிய நியமம் நிலத்தொடுப்பைக் கட்டாயமாக்கவில்லை. எமது குடும்பங்களுக்கு உகந்தது பல்கனியே.

அரசுகளின் கடமையும் இருக்கிறது. பிரித்தானியா 2020இலும் யேர்மனி 2022இலும் நொடிக்கு 10 மெகாபிற் என்ற குறைந்தபட்ச வேகத்தைக் குடிமனைகளுக்குரிய அடிப்படைச் சேவையாக ஏற்றுக்கொண்டன. இணையம் நீரையும் மின்சாரத்தையும் போன்றதென்று தாமே ஏற்றுக்கொண்ட அரசுகள், தஞ்சம் கோருவோர் தங்கவைக்கப்படும் கட்டடங்களை அந்தக் கொள்கைக்குப் புறம்பாக வைத்தல் முறையாகாது. ஒவ்வொரு விடுதியிலும் வைபை இருத்தல் வேண்டும். அது வரும் வரையிலாவது, யன்னலில் அன்ரனா வைப்பதைத் தடைசெய்யும் உள்விதிகள் நீக்கப்படல் வேண்டும்.

"பிள்ளைகள் இப்போதே தொலைபேசிக்குள் தலையைப் புதைத்திருக்கிறார்கள், இன்னும் வேகத்தைக் கொடுத்து அவர்களைக் கெடுப்பதா?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் கெட்ட தொடர்பு பிள்ளையைத் தடுப்பதில்லை. அது நல்ல தொடர்பு கிடைக்கும் புகையிரத நிலையத்துக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் பிள்ளையை அனுப்பிவைக்கிறது. தடுக்கப்படுபவர் வெளியே செல்ல முடியாத பாட்டியும், வீட்டுப்பாடத்தைத் தரவிறக்க முடியாத மாணவனும்தான். பிள்ளையின் நேரத்துக்கு எல்லை வகுப்பது பெற்றோரின் வேலை. அந்த வேலையைச் சுவரிடம் ஒப்படைக்க முடியாது.

இறுதியாக, எமது அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். ஏறத்தாழ ஒவ்வொரு நகரிலும் எமக்கு ஒரு தமிழ்ப் பாடசாலை இருக்கிறது. பல நகரங்களில் ஓர் ஆலயமும் ஒரு சங்கமும் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு மண்டபத்தில் காத்திருக்கும் பெற்றோருள் மின்வினைஞரும், தொலைத்தொடர்பு நிறுவனங்களில் பணியாற்றுவோரும் கட்டாயம் இருப்பார்கள். ஒவ்வொரு பாடசாலையும் ஒரு ரவுட்டர், ஒரு தகட்டு அன்ரனா, ஒரு தட்டையான கேபிள் ஆகியவற்றை வாங்கி வைத்து, வாரத்துக்கு ஒரு குடும்பமாக இரவல் கொடுக்கட்டும். தம் வீட்டில் அது பயன்படுகிறதா என்று பார்த்த பின்னரே அக்குடும்பம் சொந்தப் பணத்தைச் செலவிடட்டும். வீட்டு உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தை அந்நாட்டு மொழியில் ஒருமுறை நன்றாக எழுதிவைத்தால், நூறு குடும்பங்கள் பெயரை மாற்றிப் பயன்படுத்தலாம். விடுதியில் புதிதாக வந்திறங்கியவரிடம் இதனை முதலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவருக்குத்தான் நாட்கள் எண்ணப்பட்டவை.

ஆண்டுவிழாவுக்கு மண்டபம் எடுக்கும் செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்க்குமாறு, இப்பத்தியைப் படிக்கும் ஒவ்வொரு நிர்வாக உறுப்பினரையும் நாம் கேட்டுக்கொள்கிறோம்.